படிக்கப் போகும் மகளின் காருக்கு டெக்சாஸ் நம்பர் பிளேட்டே போதுமா?

கேள்வி இதுதான். டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் இருக்கும் ஒரு குடும்பம். மகளுக்கு 18 வயது, ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் சேர்கிறாள். ஓட்டிக்கொண்டிருக்கும் காரையும் கொண்டுபோக ஆசைப்படுகிறாள். கார் அப்பா பெயரில் இருக்கிறது, வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை. லைசென்ஸை மாற்ற வேண்டுமா, காரை அங்கே பதிய வேண்டுமா, இன்சூரன்ஸை என்ன செய்வது? "எல்லாவற்றையும் மாசசூசெட்ஸுக்கு மாற்றிவிட்டால் ஒரு வருஷத்தில் உள்மாநில மாணவருக்கான குறைந்த கல்விக் கட்டணம் வந்துவிடும்" என்று நண்பர் ஒருவர் சொன்னாராம், அது உண்மையா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் டெக்சாஸ் லைசென்ஸாகவே இருக்கட்டும், நம்பர் பிளேட்டும் அப்படியே இருக்கட்டும். ஆனால் கார் அங்கே போவதற்குள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லியாக வேண்டும், போனதும் ஊர்ப் போலீஸிடம் ஒரு படிவம் கொடுத்தாக வேண்டும். நண்பர் சொன்னது உங்கள் விஷயத்தில் நடக்காது.

இப்போது காரணங்கள். அமெரிக்காவில் லைசென்ஸும் ரெஜிஸ்ட்ரேஷனும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. அந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்குத்தான் இரண்டையும் அங்கே வாங்கும் கடமை. குடியிருப்பவர் ஆனபிறகு கிடைக்கும் அவகாசம் இடத்துக்கு இடம் மாறும். டெக்சாஸில் காரைப் பதிய 30 நாள், லைசென்ஸுக்கு 90 நாள். கலிபோர்னியாவில் காருக்கு 20, லைசென்ஸுக்கு வெறும் 10. நியூயார்க்கில் இரண்டுக்கும் 30. மாசசூசெட்ஸ் லைசென்ஸ் விஷயத்தில் அவகாசமே தருவதில்லை, குடிவந்தால் உடனே மாற்று என்கிறது. இணையத்தில் இந்த எண்களைப் பார்த்துத்தான் பெற்றோர் பயந்துபோகிறார்கள். ஆனால் இவை எல்லாம் குடிபெயர்ந்து வருபவருக்கான கணக்கு. பெற்றோர் வீடு டெக்சாஸில் இருக்க, விடுமுறைக்கு அங்கேயே திரும்பிவரப் போகும் மாணவியைப் பெரும்பாலான மாநிலங்கள் குடியிருப்பவராக எடுத்துக்கொள்வதில்லை. நியூயார்க் மோட்டார் வாகனத் துறை இதை வெளிப்படையாகவே சொல்கிறது. அரிசோனா இன்னும் துல்லியம்: செமஸ்டருக்கு 7 மணிநேரப் பாடங்களோ அதற்கு மேலோ எடுக்கும் வெளிமாநில மாணவர், வேலை பார்த்தாலும் குடியிருப்பவர் ஆகமாட்டார்.

எல்லா மாநிலமும் இவ்வளவு தாராளமில்லை. கலிபோர்னியாவில் பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதம் தங்கினாலே நீங்கள் அங்கே குடியிருப்பவர் என்று ஓர் அனுமானம் எழும். அப்படி இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. வெளிமாநில மாணவருக்கான முழுக் கட்டணத்தைக் கட்டுகிறோம் என்பது அப்போது நல்ல ஆதாரம். வெளிமாநில பிளேட்டோடு சுற்றும் உள்ளூர்க்காரர்களைப் பற்றிப் பொதுமக்களே புகார் கொடுக்க அந்த மாநில நெடுஞ்சாலைப் போலீஸ் 'சீட்டர்ஸ்' (ஏமாற்றுக்காரர்கள்) என்ற பெயரில் ஒரு திட்டமே வைத்திருக்கிறது. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

மாசசூசெட்ஸின் விசேஷம் வேறு. பாஸ்டனிலும் அதைச் சுற்றியும் இத்தனை கல்லூரிகள் இருப்பதால், வெளிமாநில மாணவர்களின் காருக்கென்றே சட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்துவிட்டார்கள். செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை ஒரு கல்வி ஆண்டு. அதற்குள் வெளிமாநிலத்தில் பதிவான காரை அங்கே ஓட்டும் மாணவர், கல்லூரி இருக்கும் ஊரின் போலீஸிடம் 'நான் இங்கே குடியிருப்பவன் அல்ல' என்று ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். கார் விவரம், சொந்த ஊர் முகவரி, உள்ளூர் முகவரி எல்லாம் அதில் இருக்கும். பொய் சொன்னால் பொய்ச் சாட்சிக் குற்றம் என்ற எச்சரிக்கையோடுதான் கையெழுத்து. காரின் முன் கண்ணாடியில் மேலே நடுவில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் உண்டு. கொடுக்காவிட்டால் 200 டாலர் வரை அபராதம். பல கல்லூரிகளில் பார்க்கிங் அலுவலகமே இந்தப் படிவத்தை வாங்கிப் போலீஸுக்கு அனுப்பிவிடுகிறது. அதனால் பார்க்கிங் பெர்மிட் வாங்கும்போதே இதையும் கேட்டு முடித்துவிடச் சொல்லுங்கள். முக்கியமாக, இது ஒருமுறை கொடுத்து மறக்கிற சமாச்சாரம் இல்லை, ஒவ்வொரு கல்வி ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில்தான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். பிளேட்டைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும் பெற்றோர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பது என் அனுபவம். உண்மையில் பணம் போகும் இடம் இதுதான்.

கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் பிரீமியம் கணக்கிடுகிறார்கள். பாலிசியில் பிளேனோ முகவரி இருக்க, கார் ஒன்பது மாதம் ஆம்ஹெர்ஸ்டில் நின்றால், நீங்கள் தவறான தகவல் கொடுத்ததாக ஆகிவிடும். சின்ன உரசல் என்றால் யாரும் கவனிக்காமல் போகலாம். பெரிய விபத்து நடந்து கம்பெனி துருவ ஆரம்பித்தால் இழப்பீட்டை மறுக்கவோ, பாலிசியையே ரத்து செய்யவோ அவர்களுக்கு வழி கிடைக்கும். ஆகவே போவதற்கு ஒரு மாதம் முன்பே போன் செய்து, "மகள் மாணவி, நிரந்தர வீடு பிளேனோ, கார் இனி இந்த முகவரியில் நிற்கும்" என்று சொல்லி, அதை எழுத்தில் வாங்கிவையுங்கள். பிரீமியம் ஏறும் என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம். டல்லாஸ் பக்கத்துப் போக்குவரத்தை விட்டுச் சின்ன ஊருக்குப் போகும்போது சில சமயம் இறங்கவும் செய்யும். பாஸ்டன் நகரத்துக்குள் என்றால் அந்த நம்பிக்கை வேண்டாம்.

தொகைகளையும் பாருங்கள். டெக்சாஸின் கட்டாயக் குறைந்தபட்சம் ஒருவரின் காயத்துக்கு 30,000, ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பிறர் சொத்துச் சேதத்துக்கு 25,000 டாலர். மாசசூசெட்ஸ் தன் அளவுகளை 2025 ஜூலை 1 முதல் உயர்த்தியது. இப்போது காயத்துக்கு ஒருவருக்கு 25,000, ஒரு விபத்துக்கு 50,000; சொத்துச் சேதத்துக்கு 5,000 என்று இருந்தது ஒரேயடியாக 30,000 ஆனது. அதாவது டெக்சாஸ் குறைந்தபட்சம் மட்டும் வைத்திருப்பவர் சொத்துச் சேதத்தில் 5,000 டாலர் பின்தங்கி நிற்கிறார். வருஷத்தில் 30 நாளுக்கு மேல் அங்கே ஓடும் வெளிமாநிலக் காருக்கு அந்த மாநிலத்தின் அளவுக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கமான பாலிசிகளில் வெளிமாநிலத்தில் ஓட்டும்போது அந்த ஊர்க் குறைந்தபட்சத்துக்குத் தானாக உயரும் ஒரு விதி இருக்கும்தான். ஆனால் அதை நம்பி இருப்பதைவிட அதே வரிசையில் 100,000, 300,000, 100,000 என்று வைத்துக்கொள்வது நல்லது. கூடுதல் பிரீமியம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது.

இதை நான் அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம், கார் அப்பா பெயரில் இருப்பது. விபத்து வழக்கு என்று வந்தால், கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் பொறுப்பில்தான் அது ஓடியது என்று மாசசூசெட்ஸ் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அப்பாவின் வேலை. மகள் பெயர் பாலிசியில் ஓட்டுநராகக் கட்டாயம் இருக்க வேண்டும். அறைத் தோழி, அவளுடைய தோழி என்று சாவி கைமாறும் பழக்கத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கு "இல்லை" சொல்ல வராது. வாரா வாரம் காரை ஓட்டும் ஆள் பாலிசியில் இல்லை என்றால் கம்பெனி சும்மா விடாது.

டெக்சாஸ் ரெஜிஸ்ட்ரேஷனைத் தொடர்வதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணக் கார்களுக்கான வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையை டெக்சாஸ் 2025 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டது. ஆனால் பிளேனோ இருக்கும் காலின் கவுன்ட்டியில் புகைச் சோதனை இன்னும் உண்டு. 2 முதல் 24 வயது வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கு அது தேவை. ரெஜிஸ்ட்ரேஷன் முடியும் தேதிக்கு 90 நாள் முன்பே இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். டெக்சாஸ் ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கரில் அக்டோபர் என்று இருந்தால், ஆகஸ்டில் புறப்படும் முன்பே சோதனையை முடித்துப் புதுப்பித்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் என்று இருந்தால் குளிர்கால விடுமுறைக்குக் கார் வீட்டுக்கு வருமா என்று பாருங்கள். வராது என்றால், கார் மாநிலத்துக்கு வெளியே இருக்கிறது என்று சான்றளித்துப் புதுப்பிக்கும் வழி டெக்சாஸில் இருக்கிறது. திரும்பி வந்ததும் சோதனை செய்தாக வேண்டும். புது ஸ்டிக்கர் பிளேனோ வீட்டுக்குத்தான் தபாலில் வரும், அதை மகளுக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

தபால் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாசசூசெட்ஸ் டர்ன்பைக் சாலையில் 2016 அக்டோபரிலிருந்து சுங்கச்சாவடியே கிடையாது. கேமரா பிளேட்டைப் படம் எடுத்து, கார் உரிமையாளர் முகவரிக்கு பில் அனுப்பும். அதாவது உங்களுக்கு. அந்த மாநிலத்தின் ஈஸி-பாஸ் கருவி இலவசம், வாங்கி ஒட்டிவிட்டால் கட்டணமும் குறையும். அங்கே போலீஸ் டிக்கெட் கொடுத்தால் 20 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும் அல்லது விசாரணை கேட்க வேண்டும். விட்டுவிட்டால் வரும் அறிவிப்பு லைசென்ஸில் உள்ள பிளேனோ முகவரிக்குப் போகும், மகளுக்குத் தெரியவே தெரியாது. "டிக்கெட் வாங்கினால் அன்றைக்கே எனக்குச் சொல், திட்டமாட்டேன்" என்று இப்போதே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

லைசென்ஸில் பார்க்க வேண்டியது ஒன்றுதான், தேதி. டெக்சாஸில் 18 வயதுக்குள் வாங்கிய தற்காலிக லைசென்ஸ் 18-வது பிறந்தநாளோடு முடிந்துவிடும். மகளுக்கு 18 ஆகிவிட்டது என்கிறீர்கள். அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள். புதுப்பிக்கும்போது நட்சத்திரக் குறியுள்ள ரியல் ஐடி அட்டையாகவே வாங்கிவிடுங்கள். 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கு அதுவோ பாஸ்போர்ட் போன்ற வேறு அடையாள ஆவணமோ கேட்கிறார்கள். இரண்டு மாநில லைசென்ஸைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. புதியது வாங்கினால் பழையதை ஒப்படைக்க வேண்டும்.

இனி உள்மாநிலக் கட்டணம். நண்பர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. குடியிருப்பை நிரூபிக்கும் ஆவணங்களில் லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், வாக்காளர் பதிவு, மாநில வருமான வரி எல்லாம் அடக்கம். ஆனால் பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவியின் குடியிருப்பு பெற்றோரின் குடியிருப்பையே தொடரும். அப்பா அம்மா பிளேனோவில் இருந்து கட்டணம் கட்டும்வரை, மகள் ஆம்ஹெர்ஸ்டில் எத்தனை லைசென்ஸ் வாங்கினாலும் கல்லூரி அசையாது. படிப்பதற்காக வந்து தங்கிய காலத்தைக் குடியேறிய காலமாக எண்ணவும் மாட்டார்கள். கலிபோர்னியாவில் இது இன்னும் கடுமை. அங்கே 366 நாள் தங்கியிருக்க வேண்டும், அதோடு பெற்றோர் வேறு மாநிலத்தில் இருக்கும் இளங்கலை மாணவர் தன் காலில் நிற்பதையும் காட்ட வேண்டும்.

மாற்றினால் கிடைப்பது இதுதான், செலவையும் பாருங்கள். மாசசூசெட்ஸில் டைட்டிலுக்கு, அதாவது கார் உரிமைப் பத்திரத்துக்கு, 75 டாலர், இரண்டு வருஷ ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 60, பதிந்த 7 நாளுக்குள் 35 டாலருக்கு ஒரு சோதனை. அப்புறம் வருஷா வருஷம் ஊராட்சி வசூலிக்கும் கார் வரி வேறு, மதிப்பில் ஆயிரத்துக்கு 25 டாலர். மதிப்பு என்பது சந்தை விலை அல்ல, புதிதாக விற்றபோது இருந்த பட்டியல் விலையில் ஒரு சதவீதம். 30,000 டாலர் பட்டியல் விலையுள்ள கார் மூன்றாம் ஆண்டில் 40 சதவீதக் கணக்கில் 12,000 ஆகிறது, வரி 300 டாலர். கடன் இருப்பதால் டைட்டில் வங்கியிடம் இருக்கும். அதை மாநிலம் மாற்ற வங்கியோடு கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டும். லீஸ் கார் என்றால் அந்தக் கம்பெனியின் அனுமதியே வேண்டும். எந்தப் பயனும் இல்லாமல் இவ்வளவு வேலையை யார் இழுத்துக்கொள்வார்கள்?

நான் பார்த்த தொந்தரவுகள் பெரும்பாலும் பாதி மாற்றி பாதி மாற்றாமல் விட்டவர்களுக்கு வந்தவை. லைசென்ஸ் ஒரு மாநிலம், பிளேட் ஒரு மாநிலம், வரிக் கணக்கில் வேறொன்று. ஓர் இடத்தில் "நான் இங்கே வசிப்பவன்" என்று கையெழுத்திட்டுவிட்டு இன்னோர் இடத்தில் மறுத்தால், எல்லா ஆவணமும் கேள்விக்குள்ளாகும். வாக்குப் பதிவும் இதில் சேரும். படிக்கும் ஊரில் வாக்களிக்க மாணவருக்கு உரிமை உண்டு, ஆனால் பக்கத்து மாநிலமான நியூஹாம்ப்ஷயரில் 2019 ஜூலையிலிருந்து அங்கே வாக்களிப்பவர் அங்கே குடியிருப்பவர் ஆகிறார். கார் ஓட்டினால் 60 நாளுக்குள் அந்த மாநில லைசென்ஸ் வாங்கும் கடமையும் கூடவே வருகிறது.

வாக்கைப் பற்றிப் பேசும்போது, குடியுரிமை இல்லாத குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் விசா நிலையை நீங்கள் குறிப்பிடவில்லை, ஆனால் இதைப் படிக்கும் பலர் எச்-1பி வேலை விசா, அதைச் சார்ந்த எச்-4 விசாக் குடும்பமாக இருப்பீர்கள். 1993-ல் வந்த சட்டத்தின்படி லைசென்ஸ் அலுவலகத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்ய வாய்ப்பு தருகிறார்கள். மாசசூசெட்ஸில் 2020 முதல் அது தானியங்கி முறையாகவே இருக்கிறது. கவுன்டரில் வேகமாகக் கேட்கும் கேள்விக்குத் தலையாட்டிவிட்டு, குடிமகன் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் பின்னால் கிரீன் கார்டுக்கே உலை வைக்கும். பிள்ளைக்கு இதைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். விசா காலத்தோடு முடியும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் புதுப்பிக்க நேரில் போகும்படி இருக்கும், அதனால் விடுமுறைப் பயணத்தை அந்தத் தேதியோடு பொருத்துங்கள். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் பிள்ளைகளுக்கு லைசென்ஸ் தேதியும் அதனோடு நகரும்.

இந்தியாவிலிருந்து எஃப்-1-ல் வந்து, ஒரு மாநிலத்தில் முதுகலை முடித்துவிட்டு வேறு மாநிலத்துக்கு ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன சலுகையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பழைய ஊரில் அவருக்குப் பெற்றோர் வீடு இல்லை, காலி செய்த அபார்ட்மென்ட்தான் இருக்கிறது. "திரும்பிப் போகும் வீடு அங்கே" என்று யாரிடமும் சொல்ல முடியாது. சீனியரிடம் வாங்கிய பழைய கொரோலாவாக இருந்தாலும், போன ஊரில் லைசென்ஸையும் பிளேட்டையும் மாற்றிவிடுவதே அவருக்குச் சரி.

காரே தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஆம்ஹெர்ஸ்டைச் சுற்றி ஐந்து கல்லூரிகளையும் இணைக்கும் பேருந்துகள் ஓடுகின்றன, அவற்றின் மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை. வளாகப் பேருந்துகளை ஓட்டுவதே பல்கலைக்கழக மாணவர்கள்தான். பிளேனோவிலிருந்து சுமார் 1,700 மைல். பனிக்காலத்தில் பல ஊர்களில் இரவில் தெருவில் கார் நிறுத்தத் தடை, நிறுத்தினால் இழுத்துப் போய்விடுவார்கள். கண்ணாடி கழுவும் திரவம்கூட டெக்சாஸில் ஊற்றியது அங்கே உறைந்துவிடும். காரை வீட்டிலேயே விட்டு, மகள் 100 மைலுக்கு அப்பால் படிக்கிறாள் என்று சொன்னால் பல கம்பெனிகள் பிரீமியத்தில் தள்ளுபடியும் தருகின்றன. முதல் வருஷம் கார் இல்லாமல் போய்ப் பார்க்கட்டும் என்பது என் கட்சி. மகள் ஒத்துக்கொள்வாளா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

நான்கு வருஷம் கழித்து அங்கேயே வேலை கிடைத்தால் அன்றைக்கு மாணவி என்ற சலுகை முடிந்தது. அப்போது முதலில் மாசசூசெட்ஸ் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், ஏனென்றால் பதிவு விண்ணப்பத்தில் அங்குள்ள இன்சூரன்ஸ் ஏஜென்ட் முத்திரை குத்தித் தர வேண்டும். பிறகு டைட்டிலும் பிளேட்டும், ஏழு நாளுக்குள் சோதனை, லைசென்ஸ் மாற்றம். புது பிளேட் மாட்டிய பிறகே டெக்சாஸ் பாலிசியை நிறுத்துங்கள், நடுவில் ஒருநாள்கூட இடைவெளி விடக் கூடாது. அதற்குள் கடனும் முடிந்திருந்தால் காரை அவள் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிடலாம். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் காருக்கு அங்கே 6.25 சதவீத விற்பனை வரி கிடையாது, அதற்கென்று ஓர் உறுதிமொழிப் படிவம் மட்டும் நிரப்பினால் போதும்.